ஆறு மணி ஊளை

“தங்கச்சி, நீங்க பேசல. ஊளை விடுறீங்க” என்றது ரேடியோ பெட்டியிலிருந்து நெய்னா முகம்மதின் குரல். “மூணு நாளா இதே கதைதான். நீங்க பட்டனை அமுக்குனா கீன்னு காதைக் கிழிக்குது. அங்க தண்ணி எத்தனை படி ஏறியிருக்குன்னு ஒரு வார்த்தை புரியல. ஓவர்.”

அருள்ஜோதி மைக்கின் பொத்தானை மறுபடி அழுத்தி, “இப்பவும் கத்துதா பாய்?” என்று கேட்டுவிட்டு விரலை எடுத்தாள்.

“இப்பவும்தான்” என்றார் அவர். அவர் முடிப்பதற்குள் ஆற்றுப் படுகையில் பெட்டி வைத்திருக்கும் வானதியின் குரல் குறுக்கே வந்தது. “அக்கா, புண்ணியமாப் போவும், நீங்க பேசாம இருங்க. புள்ளைய இப்பத்தான் தூங்க வச்சேன்.”

யாரோ ஒருவர் சிரித்தார். ஐந்து ஊர் கேட்டுக்கொண்டிருக்கும் அலைவரிசை அது. அருள்ஜோதி பெட்டியை அணைத்தாள். அவளுக்கு முகமெல்லாம் சுட்டது.

கொள்ளிடக் கரையில் சந்தியாபுரம் இருக்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன் ஆற்றில் வெள்ளம் வந்தபோது கரண்டும் போய், செல்போன் டவரும் செத்து, மூன்று நாள் ஊருக்கு ஊர் பேச்சே இல்லாமல் போனது. படுகையில் குடியிருப்பவர்கள் எங்கே ஏறி நிற்கிறார்கள் என்று கரையில் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை. அதன் பிறகுதான் குத்தாலத்தில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் நெய்னா முகம்மது ஐந்து சி.பி. ரேடியோ பெட்டிகளை வரவழைத்து, ஆற்றோரம் நான்கு ஊர்களில் ஒவ்வொன்றும் தன் கடையில் ஒன்றுமாக வைத்தார். பேட்டரியில் ஓடும் பெட்டி. லைசென்ஸ் வேண்டியதில்லை. தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒவ்வொரு ஊரும் தன் படித்துறையில் எத்தனை படி முழுகியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

சந்தியாபுரத்துப் பெட்டியை அருள்ஜோதி வீட்டு மாடியறையில் வைப்பதென்று ஊர்க் கூட்டத்தில் முடிவானது. அவள் வீட்டுக்கு மொட்டை மாடி உண்டு, கம்பம் நட வசதி. அதோடு கல்யாணத்துக்கு முன் அவள் நாகப்பட்டினத்தில் ஐ.டி.ஐ. படித்தவள், எலக்ட்ரானிக்ஸ் பிரிவு. கை தூக்கி ஆதரித்தவர்களில் ஒருவர்கூட, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சவரிராஜின் முகத்தைப் பார்க்கவில்லை.

சவரிராஜ் அவள் கணவன் ஜோசப்ராஜின் அண்ணன். மைக் செட்காரர். முப்பது வருடமாக அந்தப் பக்கத்தில் கல்யாணம், சாவு, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எதுவானாலும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் கத்தும். ஊருக்கே குரல் கொடுப்பவர் அவர் இருக்க, பேசுகிற பெட்டியைக் கொண்டுபோய் அவர் தம்பி பெண்டாட்டி வீட்டில் வைத்தார்கள். அதுவும் எப்பேர்ப்பட்ட தம்பி பெண்டாட்டி? இவர்கள் கத்தோலிக்கர்கள், அவள் தரங்கம்பாடி லுத்தரன் குடும்பத்துப் பெண். ஜோசப்ராஜ் வீட்டைக் கேட்காமல் கட்டிக்கொண்டு வந்தவள். கல்யாண விருந்தில் சவரிராஜும் அவர் மனைவி இருதயம்மாளும் கை நனைக்காமல் எழுந்து போனார்கள். அடுத்த மாதமே வீட்டை இரண்டாக்கி நடுவில் சுவர் எழுப்பினார்கள். பதினொரு வருடமாக அந்தச் சுவரைத் தாண்டி வசவு மட்டும்தான் போய் வந்தது. ஜோசப்ராஜ் குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போய்விட்டான். வசவு முழுவதையும் வாங்கவும் திருப்பித் தரவும் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

அன்றைக்கும் அவள் பெட்டியை அணைத்த கையோடு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

“மைக்கப் புடிக்கத் தெரியாதவங்க கையில மைக்கக் குடுத்தா இப்படித்தான்! ஊரே காறித் துப்புது!”

“நீங்க உங்க வேலையப் பாருங்க பெரியத்தான்” என்றாள் அவள், ஜன்னலைப் பார்த்து.

“என் வேலையத்தாண்டி நீ கெடுக்குற!”

அவர் அப்படி ஏன் சொன்னார் என்று அவள் அப்போது யோசிக்கவில்லை. அவர் சொல்கிற எதையும் யோசிப்பதில்லை என்பதை ஒரு பழக்கமாகவே வைத்திருந்தாள்.

மறுநாள் மைக்கைக் கழற்றினாள். ஒயருக்குள் மேலே சுற்றி வரும் பின்னல் கம்பி, பிளக் பக்கத்தில் அறுந்து கிடந்தது. உறை அறுந்தால் காற்றில் அலைகிற கண்டதும் உள்ளே புகும். ‘இதுதான் சங்கதி’ என்று பரணிலிருந்து சால்டரிங் அயர்னை எடுத்துத் துடைத்து ஈயம் வைத்தாள். பதினொரு வருடத்துக்குப் பிறகும் கைக்கு வேலை மறந்திருக்கவில்லை. மைக்கின் சத்தத்தைக் கூட்டும் திருகைப் பாதிக்குக் குறைத்தாள். பெட்டியோடு சேர்த்து வைத்திருந்த ஸ்பீக்கரை அடுத்த அறைக்குத் தூக்கிப் போனாள். பகல் பன்னிரண்டு மணிக்குக் குத்தாலத்தைக் கூப்பிட்டாள்.

“ஆஹா, மணி மாதிரி இருக்கு தங்கச்சி” என்றார் நெய்னா முகம்மது.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி ஊளை.

அதற்கு அடுத்த நாள் தோட்டத்தில் ஈரமான இடம் பார்த்து ஆறடிக் கம்பி அடித்து எர்த் கொடுத்தாள். மொட்டை மாடியிலிருந்து இறங்கும் ஆன்டெனா ஒயரை, பெட்டிக்கு அருகே எட்டுச் சுற்றாகச் சுற்றிக் கட்டினாள். பகலில் சரியாக இருந்தது. ஆறு மணிக்கு ஊளை. கொஞ்சம் மெலிந்த ஊளை, ஆனால் ஊளைதான்.

அவள் ஒரு நோட்டில் நேரத்தைக் குறிக்க ஆரம்பித்தாள். காலை ஏழு, கத்தியது. பத்து, இல்லை. பன்னிரண்டு, இல்லை. மாலை ஆறு, கத்தியது. ஞாயிறு ஆறு மணிக்கு இல்லை. பகலில் சவரிராஜ் வெளியே போய்விடுவார். ஞாயிறு அவர் ஒரு கல்யாணத்துக்குக் குட்டியானை வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தார். நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு ரத்தம் ஏறியது. அவர் வீட்டில் இருக்கும்போது கத்துகிறது. இல்லாதபோது கத்தவில்லை.

“வேணும்னே பண்றாருங்க” என்று கணவனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். “ஏதோ மெஷின் வச்சு என் பெட்டியக் கெடுக்குறார்.”

ஜோசப்ராஜ் நீளமாக மூச்சு விட்டான். “அண்ணன்கிட்ட மல்லுக்கு நிக்காத அருளு. பெட்டிய வேற யார் வீட்டுலயாவது குடுத்துரு.”

“அத மட்டும் நீங்க சொல்லுங்க. வேற எதுவும் சொல்லாதீங்க” என்று போனை வைத்தாள்.

அன்று சாயங்காலம் சவரிராஜே வந்துவிட்டார். உள்ளே வரவில்லை. வாசல் கேட்டைப் பிடித்து உலுக்கினார். பின்னால் இருதயம்மாள், இடுப்பில் கை வைத்தபடி.

“உனக்கு என்னதாண்டி வேணும்?” என்றார் சவரிராஜ். “நாளைக்கு மணல்மேட்டுல சாவு வீடு. ஆம்ப்ப டெஸ்ட் பண்ணப் போட்டா, என் குழாய்ல நீ பேசுற! ‘குத்தாலம் குத்தாலம், எட்டுப் படி’ன்னு என் ஷெட்டுக்குள்ள நின்னு கத்துற மாதிரி கேக்குது. அப்பறம் கீன்னு ஒரு கூவல். ரெண்டு பார்ட்டி ‘உங்க செட்டு சரியில்ல’ன்னு வேற ஆளு வச்சுட்டாங்க. என் பொழப்புல மண்ணள்ளிப் போடத்தான் அந்தக் கம்பத்த நட்டியா?”

அருள்ஜோதி பதில் சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

“என் குரல் உங்க குழாய்ல வருதா?”

“நடிக்காத.”

“பெரியத்தான், நெசமாத்தான் கேக்குறேன். பேச்சு தெளிவா வருதா?”

“தெளிவா வந்து தொலையுது.”

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் வீட்டு ஜன்னலுக்கும் அவருடைய ஷெட்டுக்கும் நடுவில் பத்தடிகூட இல்லை. ஷெட்டுச் சுவரில் சுருள் சுருளாக மைக் ஒயர்கள், நூறடி, இருநூறடி, ஆம்ப்பில் சொருகியபடி தொங்கும். அத்தனை ஒயரும் ஆன்டெனா மாதிரி அவள் பேச்சைப் பிடிக்கிறது. ஆம்ப் அதைப் பெருக்கிக் குழாயில் விடுகிறது. குழாயிலிருந்து வரும் சத்தம் ஜன்னல் வழியாக அவள் கையிலுள்ள மைக்குக்குள் திரும்பப் போகிறது. மறுபடி ஒயர், மறுபடி குழாய், மறுபடி மைக். சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஊளை. மைக் செட் ஷெட்டிலிருந்து கீச்சுச் சத்தம் வருவது அந்தத் தெருவுக்குப் புதிதில்லை என்பதால், ஊளை எங்கிருந்து கிளம்புகிறது என்று அவள் காது கொடுத்துக் கேட்டதே இல்லை.

அவள் இதைச் சொன்னாள். அவர் முப்பது வருடம் மைக்கோடு வாழ்ந்தவர், அவருக்குப் பாதி சொன்னாலே விளங்கும். விளங்கியது என்பது அவர் கண்ணிலேயே தெரிந்தது. ஆனால் அவர் சொன்னது வேறு.

“அப்ப தப்பு என் மேலங்குற.”

“ரெண்டு பக்கமும்தான். நான் பேசுற அஞ்சு நிமிஷம் மட்டும் ஆம்ப்ப அணைச்சு வைங்க. இல்ல, அந்த ஒயரையெல்லாம் புடுங்கி வைங்க.”

“என் ஷெட்டுல நான் எதை எப்பப் போடணும்னு ஒரு லுத்தரன்காரி எனக்குச் சட்டம் போடுறாளா?”

“மாதாவே!” என்று இருதயம்மாள் பின்னாலிருந்து சேர்த்துக்கொண்டாள். “குடும்பத்த ரெண்டாக்குனது பத்தாதுன்னு இப்ப தொழிலையும் முடக்கப் பாக்குறா.”

“குடும்பத்த ரெண்டாக்குனது செங்கல்லும் சிமென்ட்டும் வாங்கிட்டு வந்தவங்க அக்கா. நான் இல்ல.”

இருதயம்மாள் வாசலில் துப்பிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் அருள்ஜோதி மாடியேறிப் பார்த்தபோது, ஷெட்டுக்குள் இருந்த குழாய்களில் ஒன்று வெளியே வந்திருந்தது. சுவரின் மேல், நேராக அவள் ஜன்னலைப் பார்த்தபடி, கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. அன்று முதல் ஊளை இரண்டு மடங்கானது. ஜன்னலைச் சாத்தினாள். கதவை அடைத்துப் போர்வையைத் தொங்கவிட்டாள். வியர்வையில் நனைந்துகொண்டு, மைக்கை உதட்டில் ஒட்டி, குரலை அடக்கிப் பேசினால் நாலில் ஒரு வார்த்தை போனது. ஒரு வாரம் அப்படி ஓட்டினாள். பஞ்சாயத்துத் தலைவரிடம் போனாள். அவர், “உங்க குடும்பப் பிரச்சினையில நான் எப்படி தலையிட முடியும்?” என்றார். சவரிராஜ் டீக்கடையில் உட்கார்ந்து, “ஐ.டி.ஐ. மேடம் எப்படி இருக்காங்க? குரல் ஏறுதா?” என்று கேட்பதாகக் காதில் விழுந்தது.

ஆகஸ்டு கடைசியில் அணைக்கரையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். முதல் நாள் பதினோரு படி முழுகியிருந்தது. விடிந்து பார்த்தால் படித்துறையே இல்லை. கரண்ட் போயிற்று. எட்டு மணிக்கு டவரும் போயிற்று. படுகைக்காரர்களைப் படகில் ஏற்றிக் கொண்டுவரத் தீயணைப்பு ஆட்கள் ரப்பர் படகோடு கரையில் வந்து நின்றார்கள். ஊர்ப் பெரியவர்கள் சவரிராஜைத் தேடினார்கள். அவர் குட்டியானையின் மேல் இரண்டு குழாய்களைக் கட்டி, பேட்டரியில் ஆம்ப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் நின்று அறிவிக்க ஆரம்பித்தார்.

“அன்பார்ந்த பொதுமக்களே! கரையோரம் இருக்கிறவங்க உடனே பள்ளிக்கூடத்துக்கு வந்துருங்க. ஆடு மாடு ஓட்டிட்டு வர யாரும் ஆத்துப் பக்கம் போவாதீங்க.”

நல்ல குரல், அதை அருள்ஜோதியாலும் மறுக்க முடியாது. வண்டி நின்றது அவள் வீட்டுக்கு நேர் எதிரே, தெரு மேடாக இருக்கும் இடத்தில்.

ஒன்பதரை மணிக்கு அவள் பெட்டியில் வானதி கூப்பிட்டாள். படுகைத் திட்டில் ரேஷன் கடை மாடியில் இருபது பேரோடு அவள் ஏறியிருந்தாள். பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது, குரல் அறுந்து அறுந்து வந்தது.

“சந்தியாபுரம்... அக்கா... நாங்க பத்திரம்... இருதயம்மாக்கா... மாட்டோட... தண்ணி இடுப்புக்கு... சீக்கிரம் படகு...”

இருதயம்மாளுக்குப் படுகையில் ஒரு மாட்டுக் கொட்டகை உண்டு. அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள் என்றுதான் தெருவே நினைத்திருந்தது.

பொத்தானை அழுத்தினாள். “வானதி, எந்த எடம்? இருதயம்மாக்கா எந்த எடத்துல நிக்கிறாங்க?”

தெருவில் இரண்டு குழாய்களும் ஒரே நேரத்தில் அலறின. ஜனங்கள் காதைப் பொத்தினார்கள். விரலை எடுத்ததும் வானதி சொன்னது: “ஒண்ணும் புரியல அக்கா... கத்துது... பேட்டரி...”

படுகை இரண்டு மைல் நீளம். இடம் தெரியாமல் அந்த ஓட்டத்தில் படகை விட முடியாது. அருள்ஜோதி மாடிப்படியில் இறங்கித் தெருவுக்கு ஓடினாள்.

“பெரியத்தான், ஆம்ப்ப நிறுத்துங்க. அக்கா படுகையில மாட்டிக்கிட்டாங்க.”

சவரிராஜ் மைக்கை இறக்கவில்லை. “பாத்தீங்களாய்யா?” என்று சுற்றி நின்றவர்களைக் கேட்டார். அது குழாயிலும் போனது. “எம் பொண்டாட்டி பள்ளிக்கூடத்துல கஞ்சி காய்ச்சிட்டிருக்கா. இவளுக்கு எம் மைக்க நிறுத்தணும். அதுக்கு எப்படிப் பொய் சொல்றா பாருங்க!”

“பொய் இல்ல. வானதி சொல்றா.”

“தள்ளிப் போ. ஊருக்கு நல்லது பண்ணிட்டிருக்கேன்.”

அவள் வண்டியின் பின்பக்கம் ஏறினாள். பேட்டரியிலிருந்து ஆம்ப்புக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் சேர்த்துப் பிடித்து இழுத்தாள். பொறி தெறித்து உள்ளங்கை பொசுங்கியது. குழாய்கள் அடங்கின. ஒயரைக் கையிலேயே சுற்றிக்கொண்டு குதித்து வீட்டுக்குள் ஓடினாள். “ஏய்!” என்று சவரிராஜ் கையை ஓங்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். பதினொரு வருடமாகத் தாண்டாத நிலைப்படியைத் தாண்டியதையோ, செருப்போடு மாடிப்படி ஏறியதையோ அவர் அறிந்ததாகவே தெரியவில்லை.

அவர் அறை வாசலுக்கு வந்தபோது அவள் பேசி முடித்து விரலை எடுத்துவிட்டிருந்தாள். பெட்டியிலிருந்து வானதி பேசிக்கொண்டிருந்தாள்.

“இப்பக் கேக்குது அக்கா. கெழக்கால, பழைய செங்கல் சூளை மேட்டுக்குக் கீழ. இங்கேருந்து பாத்தா தெரியுது. ரெண்டு மாட்டையும் கயித்தோட புடிச்சுட்டு நிக்கிறாங்க. எங்ககூட இருக்குற சேகர் அண்ணன் கயிறு வீசுனாரு. மாட்ட வுட்டுட்டு வரமாட்டேன்னு கத்துறாங்க. மாடு இழுக்குற இழுப்புல ரெண்டு தரம் வுழுந்துட்டாங்க.”

ஓங்கிய கை மெல்ல இறங்கியது. அதைப் பார்க்க அருள்ஜோதிக்கு நேரமில்லை. ஜன்னலில் எட்டி, “செங்கல் சூளை மேடு! கெழக்கால! படகுக்காரங்ககிட்ட ஓடுங்க!” என்று தெருவைப் பார்த்துக் கத்தினாள். இரண்டு பேர் கரைக்கு ஓடினார்கள்.

“மாட்ட விடச் சொல்லு” என்றார் சவரிராஜ். குரல் ஏறவில்லை. “அவள மாட்ட விடச் சொல்லு.”

“நான் சொன்னா அவங்க கேப்பாங்களா? நீங்களே சொல்லுங்க.” மைக்கை அவர் கையில் திணித்தாள். “இத அமுக்கிட்டுப் பேசுங்க.”

அவர் அழுத்தினார். “வானதி, நான் சவரிராஜ். அவகிட்டச் சத்தம் போட்டுச் சொல்லு, நான் சொன்னேன்னு. மாட்ட அவுத்து விட்டுட்டு மேட்டு மேல ஏறச் சொல்லு. மாடு போனாப் போவுது. கேக்குதா? வானதி? சொல்லு. கேக்குதா? ஏன் பேச மாட்டேங்குறா இவ?”

“பட்டன விடுங்க. விட்டாத்தான் அந்தப் பக்கம் பேசுறது கேக்கும்.”

அவர் விடவில்லை. விரல் இறுகிப்போயிருந்தது. அருள்ஜோதி அவர் கட்டைவிரலைப் பிடித்துப் பிரித்தாள். அதற்குமுன் அவர் கையை அவள் தொட்டதே கிடையாது.

“...சொல்லிட்டேங்க. ரேடியோல அவுத்து விடச் சொல்றாங்கன்னு சேகர் அண்ணன் கத்திச் சொல்லிட்டாரு. அவுக்குறாங்க... ஒண்ணு போயிருச்சு... ரெண்டாவதும்... ஏறிட்டாங்க. மேல ஏறிட்டாங்க அண்ணே. அழுவுறாங்க.”

அதோடு வானதியின் பேட்டரி தீர்ந்தது. சவரிராஜ் மைக்கை மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

பதினொரு மணிக்குப் படகு இருதயம்மாளைக் கரை சேர்த்தது. மாடுகளில் ஒன்று இரண்டு ஊர் தள்ளிக் கரையேறியது. மற்றொன்று, ஐந்து மாதச் சினை, கிடைக்கவே இல்லை. உடம்பெல்லாம் சேறாகத் தெருவில் வந்து இறங்கிய இருதயம்மாள் முதலில் தேடியது அருள்ஜோதியைத்தான்.

“ரேடியோல மாட்ட அவுத்து விடச் சொன்னியாமேடி? படகு வர இன்னும் பத்து நிமிஷம் புடிச்சிருப்பேன். செனை மாடுடி! உனக்கு என்ன போச்சு? உன் மாடா?”

“நான் சொல்லல அக்கா” என்று அருள்ஜோதி சவரிராஜைப் பார்த்தாள்.

சவரிராஜ் வண்டியிலிருந்த குழாயை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். அவர் திரும்பவில்லை.

அவளுக்கு அந்த நிமிடம் ஏற்பட்ட கசப்பு பதினொரு வருடத்தில் ஒருநாளும் ஏற்பட்டதில்லை. வெந்த உள்ளங்கையில் மருந்து தடவிக்கொண்டு அன்று முழுவதும் மாடியறையிலேயே கிடந்தாள். அடுத்த பத்து நாளும் தெருவில் அவள் நடந்தால், இருதயம்மாள் வாசலில் நின்று சினை மாட்டின் பேரைச் சொல்லி மண்ணை வாரித் தூற்றினாள். “அவ நல்லாருப்பாளா? அவ குடி வெளங்குமா?” சவரிராஜ் ஷெட்டுக்குள் இருந்தார். சுவர் மேலிருந்த குழாய் மட்டும் இறங்கியிருந்தது.

மாதா கோயில் திருவிழா நெருங்கியபோது அவர் அவள் வாசலுக்கு வந்தார். கையில் ஒரு பை.

“திருவிழாவுக்கு நான்தான் செட்டு. நடுப் பூசையில உன் குரல் கோயிலுக்குள்ள வந்துச்சுன்னா என்னை ஊரை விட்டே தொரத்திருவாங்க” என்றார், அவளைப் பார்க்காமல். “இத ஒயருல மாட்டுனா நிக்கும்னு மாயவரத்துல கடைக்காரன் சொன்னான்.” பையில் கறுப்பு வளையங்கள் இருந்தன. கல் மாதிரி கனத்தன. ஒயரை அதற்குள் நாலு சுற்றுச் சுற்றி விட்டால், காற்றில் வரும் அலை ஒயர் வழியாக உள்ளே போகாது. அருள்ஜோதி இதையே நெய்னா முகம்மதிடம் சொல்லி வைத்திருந்தாள், வந்து சேரவில்லை.

“எனக்கும் நாலு வேணும்” என்றாள்.

“எடுத்துக்க.”

தண்ணீர் வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை. அவர் ஷெட்டில், அவள் மாடியறையில். சுவருக்கு மேலே கத்திக் கத்தியே வேலை நடந்தது.

“மொதல்ல எந்த ஒயரு?” என்றார் அவர்.

“ஸ்பீக்கர் ஒயரு! சொன்னா ஒரு தடவையில காதுல ஏறாதா?”

“ஒழுங்காக் கத்து. தேவாங்கு மாதிரி முனகாத.”

ஸ்பீக்கர் ஒயர், கரண்ட் ஒயர், அவள் மைக் ஒயர் என்று ஒவ்வொன்றாக வளையம் ஏறியது. கடைசியில் மைக் ஒயர்ச் சுருள் மட்டும் பாக்கி. அதற்குமுன் அருள்ஜோதி ஜன்னலருகே வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“அக்காகிட்ட ஏன் உண்மையச் சொல்லல?”

ஷெட்டுக்குள் கையிலிருந்த வளையத்தை அவர் கீழே வைத்த சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: “சொன்னா அவ என்கிட்டப் பேச மாட்டா. உன்கிட்ட அவ எப்படியும் பேசுறதில்ல.”

அவர் அதைச் சொன்ன விதத்தில் கள்ளமே இல்லை. கணக்குச் சரியாகத்தானே இருக்கிறது என்பது போலச் சொன்னார். அருள்ஜோதி ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். இப்போது குழாயின் சத்தம் மைக்குக்குத் திரும்பி வராது, ஆகவே ஊளை இருக்காது. ஆனால் டெஸ்ட்டுக்காக ஆம்ப் ஓடிக்கொண்டிருந்தது, கடைசி ஒயருக்கு வளையம் ஏறாதவரை அவள் பேச்சு அந்தப் பக்கம் போகத்தான் செய்யும். இருதயம்மாள் முற்றத்தில் பாத்திரம் துலக்கும் சத்தம் சற்றுமுன்தான் கேட்டது.

மைக்கை எடுத்துப் பொத்தானை அழுத்தினாள்.

“குத்தாலம், குத்தாலம், சந்தியாபுரம் பேசுறேன். டெஸ்ட். வெள்ளத்தன்னிக்கு இருதயம்மாக்காவ மாட்ட அவுத்து விடச் சொன்னது நான் இல்ல. இதே மைக்கப் புடிச்சு, மாடு போனாப் போவுதுன்னு சொன்னவர் அவங்க வீட்டுக்காரர் சவரிராஜ். வானதி கேட்டா, சேகர் அண்ணன் கேட்டாரு. அவரு சொன்னது சரிதான், அதனாலதான் அக்கா உயிரோட இருக்காங்க. ஆனா சொன்னது அவரு. ஓவர்.”

சாத்திய ஜன்னலுக்கு வெளியே, சவரிராஜின் குழாயில் அவள் குரல் ஊர்ச் சாவுச் செய்தி மாதிரி கணீரென்று ஒலித்து முடிந்தது. பாத்திரச் சத்தம் நின்றது. ஒரு விநாடி கழித்து ஏதோ ஒரு குண்டான் ஷெட்டின் தகரக் கதவில் மோதி விழுந்தது.

பெட்டியில் நெய்னா முகம்மது தொண்டையைச் செருமினார். “தங்கச்சி... குரல் சுத்தமா இருக்கு. மத்ததப் பத்தி நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஓவர்.”

வானதி சிரிப்பை அடக்கிக்கொண்டு, “படுகை ஓகே அக்கா. நல்லாக் கேக்குது” என்றாள்.

சவரிராஜ் கடைசி ஒயருக்கும் அன்றே வளையம் மாட்டிவிட்டார். மிகுந்த அவசரத்தோடு மாட்டியிருக்க வேண்டும். அதன் பிறகு அவள் குரல் அந்தப் பக்கம் போனதில்லை, ஊளையும் வந்ததில்லை. திருவிழாவும் கோளாறில்லாமல் நடந்தது. இருதயம்மாள் புருஷனோடு பேச ஒன்பது நாள் ஆனதாகத் தெருவில் சொன்னார்கள். அவருக்குச் சோறு அவள் தங்கை வீட்டிலிருந்து வந்ததாம்.

அருள்ஜோதியோடு அவள் பேசவில்லை. மண்ணை வாரித் தூற்றுவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள், முன்பு போலவே. சவரிராஜ் ஒருமுறை கேட்டுக்கு வெளியே நின்று, “நீ பண்ணது மனுஷன் பண்ற வேலையா?” என்று கேட்டார். “நீங்க பண்ணது?” என்று அவள் கேட்டாள். அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். ஐப்பசியில் மறுபடி தண்ணீர் ஏறியபோது, ஆறு மணிக்கு அவள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே, “ஒன்பது படி” என்றாள். ஐந்து ஊருக்கும் அது தெளிவாகக் கேட்டது.